மூன்றால் வகுத்த நீளம்

பிப்ரவரி 4

அன்பு மருமகளுக்கு,

இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை நீ நம்பமாட்டாய். என் கூடப்பிறந்த உன் அம்மாவும் நம்பமாட்டாள். தபால்காரர் வழியில் பிரித்துப் படித்தால், மறுபடி ஒட்டிவைத்துவிட்டு வேலையை ராஜினாமா செய்துவிடுவார். இருந்தாலும் தார்ப்பாய் தைக்கும் இந்த எளியவன் கையிலிருக்கும் கோணி ஊசிமேல் சத்தியம் செய்து சொல்கிறேன்: உன் அத்தை திரும்பி வர ஒப்புக்கொண்டுவிட்டாள்.

அவள் ஏன் போனாள் என்பது உனக்கு அரைகுறையாகத் தெரியும். முழுசாகக் கேள். அவள் செய்த பீங்கான் கோப்பைகளைப் பார்க்க ஓர் உணவகக்காரர் வந்தார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இதை மாடியிலேர்ந்து போட்டாலும் உடையாதுங்க. யானை மிதிச்சா யானைக்குத்தான் கட்டுப் போடணும்" என்று சொல்லிவைத்தேன். அவர் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகிற ரகம் இல்லை. மாடிக்கு ஏறி ஒன்றைப் போட்டே பார்த்துவிட்டார். உன் அத்தை முதலில் சில்லுகளைக் கூட்டி அள்ளினாள். பிறகு பெட்டியில் துணியை அடுக்கினாள். "என் கைவேலை உங்க வாயில மாட்டிச் சீரழியுது. நான் என் தங்கச்சி வீட்டுல இருந்துக்கறேன்." அவ்வளவுதான்.

இப்போது அவள் ஒரு மின்சூளை வாங்கியிருக்கிறாள். தங்கை வீட்டில் வைக்க இடமில்லை. நம் கடையில் வைத்தால் மெழுகுத்துணியும் நானும் சேர்ந்து பற்றிக்கொள்வோம். பின்கோடியில் கொட்டகை சும்மாதான் கிடக்கிறது. தூதுக்கு மேல் தூது விட்டேன். ஒரே ஒரு நிபந்தனையோடு பதில் வந்தது: "ஒயர் கணக்கை அந்தப் பிள்ளை போட்டுக் கொடுக்கட்டும். உங்க கணக்கை நம்பி நான் சூளை மூட்டமாட்டேன்."

ஆகவே, சுரங்கங்களுக்கு மின்சாரம் வார்க்கும் மகாராணியே, கணக்கைப் போடு. மீட்டர் பெட்டி தெருவாசலில், கொட்டகை பின்கோடியில். நம் மனையின் நீளம் உனக்கு மறந்திருக்கும். வாசலில் கோடை கொளுத்தும்போது கொட்டகையில் மழைக்காலம் நடக்கும். வாசலிலிருந்து குட்டியாகப் புறப்பட்ட பூனை, கொட்டகைக்குப் போய்ச் சேரும்போது பேத்தி எடுத்திருக்கும். ஒயர் போகிற வழி நூற்றைம்பது மீட்டர். சூளை ஒன்பது கிலோவாட். எத்தனை தடிமன் ஒயர் வேண்டும் என்று எழுது. உன் மலையில் போனுக்குச் சிக்னல் கிடையாது என்பதால் காகிதத்தில் கெஞ்சுகிறேன். நேரில் என்றால் விழுந்து புரண்டிருப்பேன்.

இப்படிக்கு,
மாமா


பிப்ரவரி 16

அன்புள்ள மாமா,

சாமான் வண்டி வாரத்துக்கு ஒரு தடவைதான் இங்கே ஏறுகிறது. உங்கள் கடிதம் வெங்காய மூட்டையோடு வந்தது. அத்தை வருகிறார் என்ற வரியை இரண்டு தடவை படித்தேன்.

நீங்கள் கேட்டது எனக்குத் தினப்படி வேலை. சுரங்க வாசலில் கொடுக்கும் வோல்டேஜ், உள்ளே கடைக்கோடியில் சுற்றும் காற்றாடிக்கு முழுசாகப் போய்ச் சேராது. ஒயர் ஒரு தரகர் மாதிரி. வழிநெடுகத் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். தூரம் கூடினால் பங்கு கூடும், இழுக்கிற கரண்ட் கூடினாலும் கூடும். தடிமனான ஒயர் மட்டும்தான் குறைத்து எடுக்கும். 230 வோல்ட்டில் நூற்றுக்கு ஐந்து வரை, அதாவது பதினொன்றரை வோல்ட் வரை போனால் பரவாயில்லை. அதைத் தாண்டினால் சூளை பட்டினிதான்.

உங்கள் சூளை 39 ஆம்பியர் இழுக்கும். பத்து சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், ஆம்பியர் ஒன்றுக்கு மீட்டர் ஒன்றுக்கு 4.4 மில்லிவோல்ட் எடுக்கும். பெருக்கிப் பார்த்தேன், ஒன்பது வோல்ட்டுக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே பத்து போதும், தாராளம். பூனை பேத்தி எடுக்கிற தூரத்தை மட்டும் நம் வீட்டு வழக்கப்படி திருத்திக்கொண்டேன். கோபிக்காதீர்கள்.

அத்தைக்கும் தனியாக ஒரு வரி எழுதியிருக்கிறேன்: "நம்பி வாங்க. கணக்கு என்னோடது."

நீங்கள் அவர் பக்கத்தில் வாயைத் திறக்காமல் ஒரு மாதம் இருந்து காட்டுங்கள். அதற்கு எந்தத் தடிமனில் ஒயர் என்று எனக்குத் தெரியாது.

உங்கள்,
மருமகள்


மார்ச் 8

மருமகளே,

பள்ளம் தோண்டினோம். நானும் ஒயர்மேனும் தோண்டிய மண்ணைக் குவித்ததில், எதிர்வீட்டுக்காரர் காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்து, மலைவாசஸ்தலத்துக்கு வந்துவிட்டோம் என்று போர்வையைத் தேடினாராம். நீ சொன்ன பத்தையே வாங்கிப் பதித்தாயிற்று. ஒயர்மேன் சுருளைப் புரட்டிப் பார்த்து, "கொஞ்சம் ஒல்லியா தெரியுதே சார்" என்று இழுத்தார். "சுரங்கத்துக்கே கரண்ட் கொடுக்கிற பிள்ளை எழுதினது. நீங்க மண்ணைத் தள்ளுங்க" என்றேன்.

சூளை வண்டியில் வந்து இறங்கியது. அதற்குப் பின்னால் உன் அத்தை, கையில் பை. கொட்டகையைக் கூட்டினாள், பலகைகளைத் துடைத்தாள், கோப்பைகளை அடுக்கினாள். கடைக்குள் வந்து மூடியிருந்த ஜன்னல் ஒன்றைத் திறந்தாள். அது திறக்கும் என்பதே எனக்கு மறந்திருந்தது. சாப்பிடும்போது, "இந்த நாற்காலிக்கு ஏன் மூணு கால்?" என்றாள். ஒரு புலி வந்து நாலாவது காலைக் கவ்விக்கொண்டு போன கதை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். "உடைஞ்சுபோச்சு" என்றேன். அவள் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்காக மிச்சமிருக்கும் மூன்று கால்களையும் உடைக்கலாம்.

நாளை முதல் சூடு. ஆயிரத்து இருநூறு டிகிரி தொட்டால் மெருகு உருகிக் கண்ணாடியாகும் என்கிறாள். அதே உணவகக்காரர் மறுபடி ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார். இந்த முறை கோப்பைகளைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மாமா


மார்ச் 14

மருமகளே,

சூளை தொடவில்லை.

ஒன்பதாம் தேதி காலையில் போட்டோம். ஆயிரம் வரை மாப்பிள்ளை மாதிரி மிடுக்காக ஏறியது. அப்புறம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆயிரத்துத் தொண்ணூறில் உட்கார்ந்ததுதான், இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. உன் அத்தை அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு முக்காலியில் இருந்தாள். ஆறியபின் திறந்தால், கோப்பைகள் எல்லாம் சுண்ணாம்பு பூசிய மாதிரி சொரசொரவென்று இருந்தன. ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு வைத்தாள்.

ஒயர்மேன் வந்து மீட்டர் வைத்துப் பார்த்தார். வாசலில் 230. கொட்டகையில், சூளை ஓடும்போது 207. "நடுவுல இருபத்திமூணு வோல்ட்டை ஒயரே தின்னுடுது. ஐம்பது மீட்டருன்னா சரி, இந்த நீளத்துக்கு இது ஒல்லி சார். அவங்களுக்கு எவ்வளவு நீளம்னு எழுதினீங்க?" என்று கேட்டார். உன் அத்தை பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் என்ன சொன்னேன் என்பது இருக்கட்டும். உன் கடிதத்தில் "நம் வீட்டு வழக்கப்படி திருத்திக்கொண்டேன்" என்று ஒரு வரி இருக்கிறதே, அது எந்த வழக்கம்? எனக்கு மட்டும் எழுது.

மாமா


மார்ச் 25

மாமா,

மூன்றால் வகுத்தேன்.

இந்த வழக்கம் உங்களுக்குத் தெரியாது என்று இப்போதுதான் புரிகிறது. நீங்கள் எதைச் சொன்னாலும் மூன்றால் வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது அம்மா வைத்த சட்டம். முப்பது பேர் விருந்துக்கு வருகிறார்கள் என்றால் பத்துப் பேருக்குச் சமைப்போம். சரியாக இருக்கும். நூற்றைம்பது என்றீர்கள், ஐம்பது என்று போட்டேன். ஐம்பதுக்குப் பத்து சதுர மில்லி தாராளம். நூற்றைம்பதுக்கு அது பாதகம். வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் சூளையின் சூடு பத்தில் ஒரு பங்கு குறையாது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். அதனால்தான் கடைசி நூறு டிகிரிக்கு அதற்குத் தெம்பில்லை.

எனக்கு உங்கள்மேல் கோபமாகவும் இருக்கிறது. எனக்கு எட்டு வயதில், கிரகணம் அன்று நிலாவை மூடியது நீங்கள் தைத்த தார்ப்பாய் என்று சொன்னீர்கள். வகுப்பில் எழுந்து நின்று அதையே சொன்னேன். மணி அடிக்கும்வரை என்னை உட்காரவிடவில்லை. வீட்டுக்கு வந்து அழுதபோது அம்மா சொல்லிக்கொடுத்ததுதான் இந்த வகுத்தல். அன்றிலிருந்து உங்களை நம்பி நான் ஏமாந்ததில்லை. இப்போது நம்பாமல் ஏமாந்திருக்கிறேன்.

ஆனால் அது சாக்கு. இங்கே யார் நீளம் கொடுத்தாலும் நானே நடந்து பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. உங்கள் நீளத்தை மட்டும் சிரித்துக்கொண்டே வகுத்தேன். "டேப் பிடிச்சு அளந்தீங்களா, வாயால அளந்தீங்களா" என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். தொழிலில் தார்ப்பாயை ஒரு விரற்கடை பிசகாமல் வெட்டுகிறவர் நீங்கள். அதை நினைத்துப் பார்க்கவே இல்லை.

ஒயர்மேனிடம் முப்பத்தைந்து சதுர மில்லி போடச் சொல்லுங்கள். இருபத்தைந்தும் தேறும், ஆனால் விளிம்பில் நிற்கும். அத்தையிடம் இதைச் சொல்லிவிடுங்கள். தப்பு உங்களுடையது இல்லை.

மருமகள்


ஏப்ரல் 5

அன்பு மருமகளே,

உன் கடிதம் தாமதம். அது வந்தபோது கொட்டகை காலி.

அன்றைக்கு ஒயர்மேன் கேட்டதற்கு என்ன சொன்னேன் என்று இப்போது எழுதுகிறேன். உன் "வழக்கப்படி" அப்போதே என் மண்டையில் உறைத்துவிட்டது. "ஐம்பதுன்னு எழுதினேன்" என்றேன்.

உன் அத்தை, யானைக் கதையை நம்பாதவள், நிலாக் கதையை நம்பாதவள், இதை இமைகூடத் தட்டாமல் நம்பினாள். இத்தனை வருஷமாக எவ்வளவு பாடுபட்டு, எத்தனை ஜோடனை செய்து கதை சொல்லியிருக்கிறேன். ஒன்றுக்காவது இந்த வரவேற்பு கிடைத்ததுண்டா. ஒரு வரி, இரண்டு சொல். முழு நம்பிக்கை.

"ஏன் குறைச்சு எழுதினீங்க?" என்றாள்.

"சின்ன ஒயரே போதும்னு வந்தா செலவு மிச்சமேன்னுதான்."

அவள் கத்தவில்லை. "எல்லாத்தையும் பெருசா சொல்லுவீங்க. ஒரே ஒரு தடவை சின்னதா சொன்னீங்க. அதுவும் என் சூளையில" என்றாள். மறுநாள் கோப்பைகளைச் செய்தித்தாளில் சுற்றினாள். ஒன்றுக்கும் உதவாத கோப்பைகளை ஏன் அவ்வளவு பத்திரமாகச் சுற்றினாள் என்று தெரியவில்லை. சூளையும் வண்டியேறியது. தங்கை தெருவில் ஓர் அறை வாடகைக்குப் பிடித்தாயிற்றாம். அங்கே மீட்டருக்கும் சூளைக்கும் நடுவே கையை நீட்டினால் தொட்டுவிடலாமாம்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று குதிப்பாய். யோசித்துப் பார். அவள் திரும்பி வந்தது என்னை நம்பியா? உன் ஒரு வரியை நம்பி. "அந்தப் பிள்ளை கணக்கு தப்பாது" என்று சூளையை இறக்கிய வண்டிக்காரரிடம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதையும் உடைத்தால் இந்தக் குடும்பத்தில் அவள் நம்புவதற்கு யார் இருக்கிறார்கள்? எனக்கு இருப்பது ஏற்கெனவே ஓட்டை வாளி. இன்னொரு ஓட்டை விழுந்தால் என்ன குறைந்துவிடப்போகிறது என்று நினைத்தேன்.

அவளுக்கு நீ எதையும் எழுதக் கூடாது. இது உத்தரவு. உலகத் தார்ப்பாய்ச் சக்ரவர்த்தியின் முத்திரை குத்தியிருக்கிறேன். இடது மூலையில் இருப்பது டீக்கறை இல்லை.

மாமா


ஏப்ரல் 24

மாமா,

உங்கள் உத்தரவு வந்த வண்டியிலேயே அத்தைக்கு எழுதி அனுப்பிவிட்டேன். நீளத்தை வகுத்தது நான்தான், மாமா சரியாகத்தான் சொன்னார் என்று கணக்கோடு எழுதினேன்.

அடுத்த வண்டியில் அத்தை பதில் வந்தது. அப்படியே எழுதுகிறேன்: "அவரைக் காப்பாத்த உன்னை எழுதச் சொன்னாரா? உன்னையும் பொய் சொல்லப் பழக்கிட்டாரே. உடம்பைப் பார்த்துக்கோ."

இதைப் படித்துவிட்டு இரண்டாவது ஷிஃப்டுக்கு உள்ளே போனேன். கடைக்கோடிக் காற்றாடி மந்தமாகச் சுற்றுகிறது என்றார்கள். நான் குறித்த ஒயர்தான். தடிமன் சரியாகத்தான் இருந்தது, இறுக்கம் விட்ட ஒரு முனைதான் காரணம். ஆனாலும் அதைக் கண்டுபிடிப்பதற்குள் என் கணக்கை மூன்று தடவை திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டேன். அம்மாவின் சட்டம் இப்போது எனக்கும் வந்துவிட்டது. அத்தை என் வார்த்தையையும் வகுக்கிறார்.

நீங்கள் எனக்காகச் செய்தது பெரிய காரியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் திட்டு வாங்கியிருப்பேன், அழுதிருப்பேன், சரியான ஒயரைச் சொல்லியிருப்பேன். ஒரு வாரத்தில் தீர்ந்திருக்கும். தப்பு செய்தவளிடமிருந்து தப்பைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டீர்கள். சரிசெய்ய என்னிடம் இப்போது ஒன்றும் இல்லை.

கடைசியாக ஒன்று செய்தேன். நீங்கள் பிப்ரவரியில் எழுதிய முதல் கடிதத்தை, பூனையும் மழைக்காலமும் இருக்கிற அதே காகிதத்தை, அத்தைக்கு அனுப்பிவிட்டேன். அவர் வருகிறாரோ இல்லையோ, அந்த வரியை உங்கள் கையெழுத்தில் படிக்கட்டும்.

மருமகள்


மே 12

அன்பு மருமகளே,

அவள் வந்தாள். எப்படி வந்தாள் என்று தெருவில் கேட்கிறவர்களுக்கு நான் சொல்லிக்கொண்டிருப்பதை முதலில் உனக்கும் சொல்லிவிடுகிறேன். முன்னால் பன்னிரண்டு பேர் பேண்டு வாசிக்க, முப்பத்தைந்து சதுர மில்லி ஒயரை அனகோண்டா மாதிரி தோளில் சுற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். ஒற்றை ஆளாகப் பள்ளம் வெட்டிப் பதித்தாள். சூளை ஆயிரத்து இருநூறைத் தாண்டி, இரண்டாயிரத்தைத் தாண்டி, எண் காட்டும் பெட்டி "போதும் தாயே" என்று கையெடுத்துக் கும்பிட்டது. கோப்பைகள் விடிகிறவரை தெருவுக்கே விளக்காக எரிந்தன. அதற்கப்புறம் அவள் போகவே இல்லை, இதோ உள்ளே சமைத்துக்கொண்டிருக்கிறாள். மளிகைக்கடைக்காரர் இதைக் கேட்டு, "அப்ப ரெண்டு பேருக்குச் சாமான் கட்டட்டுமா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வாங்கியும் வந்துவிட்டேன்.

நடந்தது வேறு. பஸ்ஸில் வந்தாள். கையில் என் கடிதம். வாசலிலேயே நின்று, "இதுல ஒரு வரியாவது நிஜமான்னு பார்க்க வந்தேன். டேப்பை எடுங்க" என்றாள்.

கடை டேப் முப்பது மீட்டர். அவள் மீட்டர் பெட்டியில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள், நான் மறுமுனையோடு போனேன். இழுத்துப் பிடித்து, மண்ணில் கோடு கிழித்து, நகர்ந்தோம். நான் ஓர் எட்டு வைத்தால் அவளும் ஓர் எட்டு. மனை நெடுக முப்பது மீட்டர் தள்ளியே நடந்தோம். கல்யாணம் ஆனதிலிருந்து எங்கள் வாழ்க்கையை இதைவிட யாரும் கச்சிதமாக அளந்ததில்லை என்று தோன்றியது. சொல்லவில்லை. ஐந்தாவது கோட்டில் நூற்றைம்பது. அப்போதும் கொட்டகைச் சுவர் கொஞ்சம் தள்ளித்தான் இருந்தது. மிச்சத்தை அளக்க அவள் ஐந்தாவது கோட்டுக்கு வந்து குனிந்தாள். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். ஒரு மீட்டர்.

"ஒரு மீட்டர் குறைச்சுத்தான் எழுதியிருக்கீங்க" என்றாள்.

நான் பேசவில்லை. நீ நம்பமாட்டாய்.

டேப்பைச் சுருட்டினாள். பிறகு சொன்னாள்: "அன்னிக்கே நூத்தைம்பதுன்னு சொல்லியிருந்தா, அந்தப் பிள்ளைமேல கோவப்பட்டிருப்பேன். நாலு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருப்பேன். ஆனா இங்கயேதான் இருந்திருப்பேன்."

"இப்ப இரேன்" என்றேன்.

"அங்க அறை எடுத்தாச்சு. நாலு பொண்ணுங்க கத்துக்க வருதுங்க. உணவகத்துக்கான கோப்பை எல்லாத்தையும் அங்கதான் சுட்டேன், நல்லா வந்துடுச்சு." என் காலரில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டாள். "உங்களை நம்பாம இல்ல. இனிமே நம்புறேன். ஆனா தினமும் எது நிஜம், எது நிஜமில்லைன்னு பிரிச்சுக்கிட்டே இருக்க எனக்குத் தெம்பு இல்ல."

உனக்கு அவள் எழுதுவாள். உன்மேல் கோபம் இருக்கிறதாம், நேரில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னாள். நான் உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்ட தப்பு உனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது, பத்திரமாக வைத்துக்கொள். எனக்குத்தான் அந்த அளவுக்குக்கூட ஒன்றும் மிஞ்சவில்லை. சாயங்கால பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

ஒயர்மேனைக் கூப்பிட்டு முப்பத்தைந்தே போடச் சொல்லியிருக்கிறேன். கொட்டகையில் சுட ஒன்றுமில்லைதான். அவர் காரணம் கேட்டார். ஏதோ சொன்னேன், அவரும் தலையாட்டினார்.

பேண்டு, அனகோண்டா, விளக்காக எரிந்த கோப்பை, உள்ளே சமைக்கிறவள் எல்லாம் என் புளுகு. அந்தக் கடைசி ஒரு மீட்டர் மட்டும் நிஜம். அவ்வளவு பக்கத்தில்தான் நின்றாள்.

மாமா